கிளமைடோமோனஸ்ல ஸ்டேஜ் வாரியா ஜீன் எக்ஸ்பிரஷன் பாக்குறது எப்படி: பசி வேற, பருவம் வேற

கிளமைடோமோனஸ் ரெய்ன்ஹார்ட்டிங்கற பச்சைப் பாசிய வச்சு வேலை ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் கேக்குறது ஒண்ணுதான், சாதா செல் (வெஜிடேட்டிவ்), கேமீட் (இணையத் தயாரான செல்), சைகோட் (ரெண்டு கேமீட் இணைஞ்ச செல்) இந்த ஸ்டேஜ்ல எல்லாம் எந்த ஜீன் ஆன் ஆகுது எது ஆஃப் ஆகுதுன்னு பாக்கணும், எங்க ஆரம்பிக்கிறது. ஆர்என்ஏ எடுத்து சீக்வென்ஸ் பண்றது இப்பல்லாம் பெரிய விஷயம் இல்ல, காசு கட்டினா கம்பெனியே பண்ணிக் குடுத்துரும். தலைவலி எங்கன்னா, ஸ்டேஜுன்னு நெனச்சு நீங்க அளக்குறது நெஜமாவே ஸ்டேஜா, இல்ல செல்லோட பசியா, இல்ல சாம்பிள் எடுத்த நேரமான்னு பிரிக்கிறதுலதான். அதனால நான் இதுல கம்ப்யூட்டர் பக்கத்த விட ஃபிளாஸ்க் பக்கம்தான் நெறைய பேசப்போறேன்.

முதல்ல வாழ்க்கை சுழற்சிய ஒரு தடவ வேகமா பாத்துருவோம். ஒத்த செல்லு, சுமார் 10 மைக்ரான், முன்னாடி ரெண்டு ஃபிளாஜெல்லா, உள்ள கிண்ணம் மாதிரி ஒரே ஒரு குளோரோபிளாஸ்ட், சாதாரணமா ஹாப்ளாய்டு, அதாவது ஒரே செட் குரோமோசோம். ஆண் பெண்ணுன்னு கெடயாது, மேட்டிங் டைப் பிளஸ், மைனஸ்னு ரெண்டு. நைட்ரஜன் இருக்குற வரைக்கும் பிரிஞ்சு பிரிஞ்சு பெருகிட்டே இருக்கும். நைட்ரஜன் தீந்து வெளிச்சமும் இருந்தா கேமீட் ஆகும், பிளஸ் கேமீட்டும் மைனஸ் கேமீட்டும் பாத்துக்கிட்டா ஃபிளாஜெல்லா ஒட்டிக்கும், செல் சுவர் கரையும், ரெண்டும் ஒண்ணாகி நாலு ஃபிளாஜெல்லா உள்ள செல்லா ரெண்டு மணி நேரம் போல நீந்தும், அப்புறம் ஃபிளாஜெல்லாவ உள்ள இழுத்துக்கிட்டு தடி சுவர் கட்டி சைகோஸ்போரா தூங்கிரும். திரும்ப வெளிச்சமும் நைட்ரஜனும் கெடச்சா மியோசிஸ் நடந்து ஹாப்ளாய்டு குட்டிங்க நாலு, சில சமயம் எட்டு கூட வெளிய வரும். இதுல எந்தெந்த எடத்துல நிறுத்தி ஆர்என்ஏ எடுக்குறோம்ங்கறதுதான் உங்க டிசைன்.

ஸ்ட்ரெயின் தேர்வு

அமெரிக்கால மின்னசோட்டா யுனிவர்சிட்டில இருக்குற கிளமைடோமோனஸ் ரிசோர்ஸ் சென்டர்லதான் எல்லாரும் வாங்குறாங்க, சிசி-125 பிளஸ், சிசி-124 மைனஸ் ரெண்டும் வழக்கமான ஜோடி. 1945ல மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பக்கம் மண்ணுல இருந்து கில்பர்ட் ஸ்மித் பிரிச்சு எடுத்த 137சி வம்சம் இது. இந்த ரெண்டுக்கும் நிட்1, நிட்2 ரெண்டு ஜீனும் கெட்டுப்போயிருக்கும், அதனால நைட்ரேட்ட சாப்பிடத் தெரியாது, அமோனியம் குடுத்தாத்தான் வளரும். மேட்டிங் ரொம்ப நல்லா வரணும்னா சிசி-620, சிசி-621 ஜோடிய எடுங்க, அதுக்குன்னே பேர் போனது. செல் சுவர் இல்லாத சிசி-503ல ஆர்என்ஏ எடுக்க சுலபம்னு சிலர் ஆசப்படுவாங்க, மேட்டிங் வேலைக்கு நான் அத சொல்ல மாட்டேன். பிளஸ்ஸும் மைனஸும் ஒரே பின்னணில இருக்குறதா பாத்துக்கோங்க, இல்லன்னா ரெண்டு ஸ்ட்ரெயினுக்கும் நடுவுல இருக்குற டிஎன்ஏ வித்தியாசமே மேட்டிங் டைப் வித்தியாசம் மாதிரி வந்து நிக்கும். இன்னொண்ணு, ஸ்லாண்ட்ல (சாய்வா உறைய வச்ச அகார் டியூப்ல) வருஷக்கணக்கா மாத்தி மாத்தி வச்ச கல்ச்சர் மேட் ஆகுற திறன மெல்ல இழந்துரும், அதனால சீக்வென்சிங் பட்ஜெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் மேட்டிங் கண்டிப்பா பண்ணுங்க. வெளிநாட்டுல இருந்து வரவைக்கிறதா இருந்தா இம்போர்ட் பெர்மிட் பேப்பர் வேலைய முதல்லயே தொடங்கிருங்க.

வளக்குறப்ப மறக்கக் கூடாத ரெண்டு விஷயம்

மீடியம் டேப், அதாவது டிரிஸ் அசிட்டேட் பாஸ்பேட், பிஹெச் 7, வெப்பம் 25 டிகிரி, வெளிச்சம் 50ல இருந்து 100 மைக்ரோமோல் போதும், மிதமா ஷேக் பண்ணனும். டேப்ல அமோனியம் குளோரைடு சுமார் 7.5 மில்லிமோலார் இருக்கு. இது வரைக்கும் எல்லா புரோட்டோகாலும் சொல்றதுதான்.

முதல் விஷயம், செல் எண்ணிக்க. மில்லிக்கு 10 லட்சத்துல இருந்து 30 லட்சம் செல் இருக்கும்போதுதான் உங்க வெஜிடேட்டிவ் சாம்பிள எடுக்கணும். கோடிய தாண்ட விட்டீங்கன்னா கல்ச்சர் தானே சாப்பாட்ட தின்னு தீத்து கேமீட் பக்கம் நகர ஆரம்பிச்சுரும், அப்போ உங்க கண்ட்ரோலே பாதி கேமீட், அத வச்சு எத ஒப்பிட்டாலும் வித்தியாசம் கம்மியாத்தான் தெரியும். ஓடி, அதாவது கல்ச்சரோட கலங்கல் அளவு (ஆப்டிகல் டென்சிட்டி), பாத்து குத்துமதிப்பா போகாம ஹீமோசைட்டோமீட்டர்ல எண்ணுங்க, ஏன்னா பட்டினில குளோரோபில் கொறயும், செல் அளவும் மாறும், ஓடி ரெண்டு ஸ்டேஜ்லயும் ஒரே அர்த்தம் சொல்லாது.

ரெண்டாவது, மணி. 12 மணி வெளிச்சம் 12 மணி இருட்டுல வளத்த கல்ச்சர்ல ஜீன்கள்ல 80 சதவீதத்துக்கு மேல நாளோட நேரத்தப் பொறுத்து ஏறி இறங்குதுன்னு 2015ல ஜேம்ஸ் உமன் குழு காட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, வெஜிடேட்டிவ் சாம்பிள சாயந்திரம் எடுத்து கேமீட் சாம்பிள மறுநாள் காலைல எடுத்தா, நீங்க கண்டுபுடிச்ச ஜீன்ல பாதி வெறும் காலை சாயந்திர வித்தியாசமா இருக்கலாம். இதுக்கு வழி, டேப்ல தொடர் வெளிச்சத்துல வளக்குறது, அதுல செல்லுங்க ஒரே தாளத்துல இருக்காது, இல்லன்னா லைட் டார்க் சைக்கிள்தான் வேணும்னா ஒவ்வொரு கேமீட் சாம்பிளுக்கும் அதே மணிக்கு நைட்ரஜனோட இருக்குற ஒரு ஃபிளாஸ்க்ல இருந்தும் சாம்பிள் எடுக்குறது. ரெண்டாவது வழில வேலை அதிகம், ஆனா டேட்டா ரொம்ப சுத்தமா வரும்.

பட்டினி போடுறது

1000ல இருந்து 2000 ஜி வேகத்துல 5 நிமிஷம் சுத்தி செல்ல எறக்குங்க, நைட்ரஜன் இல்லாத டேப்ல ரெண்டு தடவ கழுவுங்க. அமோனியம் குளோரைடுக்கு பதிலா அதே அளவு பொட்டாசியம் குளோரைடு போட்டா குளோரைடு அளவு மாறாம இருக்கும். மில்லிக்கு 30 லட்சம் 50 லட்சம் போல வச்சு, ஃபிளாஸ்க்ல கொஞ்சமா ஊத்தி, காத்து நல்லா படுற மாதிரி, வெளிச்சத்துல மெதுவா ஆட்டி ராத்திரி முழுக்க விடுங்க, 15 மணில இருந்து 18 மணி. வெளிச்சம் முக்கியம், நீல ஒளிய ஃபோட்டோட்ரோபின்ங்கற புரதம் புடிச்சாத்தான் கேமீட் முழுசா ஆகும், இருட்டுல பட்டினி போட்டது கேமீட்டுக்கு முந்தின நிலைல நின்னுரும். இது தொல்லைன்னு நெனைக்காதீங்க, கீழ சொல்றேன், இதையே கண்ட்ரோலா பயன்படுத்திக்கலாம்.

காலைல வந்து பாத்தா பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கும், செல் துறுதுறுன்னு நீந்தும். அத வச்சு கேமீட் ஆயிருச்சுன்னு சொல்லிராதீங்க. கொஞ்சம் எடுத்து எதிர் டைப் கேமீட்டோட சமமா கலந்து ஒரு மணி நேரம் கழிச்சு குளுட்டரால்டிஹைடு போட்டு மைக்ரோஸ்கோப்ல எண்ணுங்க. நாலு ஃபிளாஜெல்லா உள்ள செல் எண்ணிக்கைய ரெண்டால பெருக்குங்க, அத அதோட ரெண்டு ஃபிளாஜெல்லா செல்லையும் கூட்டி வர்ற மொத்தத்தால வகுங்க, நூறால பெருக்குனா மேட்டிங் சதவீதம். 80க்கு கீழ வந்த செட்ட நான் சீக்வென்சிங்குக்கு அனுப்ப வேண்டாம்னுதான் சொல்வேன். அவசரத்துக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கு, கலந்த செல்லுல கொஞ்சம் என்பி-40 டிடர்ஜென்ட் 0.05 சதவீதம் வர்ற மாதிரி விட்டா சுவர் கரைஞ்ச செல் உடைஞ்சு பச்சை வெளிய வந்துரும், சுவர் இருக்குறது அப்படியே நிக்கும். சுவர கரைக்கிற கேமீட்டோலைசின் என்சைம் வேலை செஞ்சிருக்கான்னு இதுலயே தெரிஞ்சுரும்.

கண்ட்ரோல், இங்கதான் பொறுமையா படிங்க

வெஜிடேட்டிவ் ஒரு பக்கம், பட்டினி போட்டது ஒரு பக்கம்னு ரெண்டே சாம்பிள் வச்சு ஆர்என்ஏ-சீக் பண்ணீங்கன்னா ஆயிரக்கணக்குல ஜீன் மாறியிருக்கும். ஒளி அறுவடை புரதங்கள், ரைபோசோம் புரதங்கள் எல்லாம் கீழ போகும், எண்ணெயும் ஸ்டார்ச்சும் சேக்குற பாதை மேல வரும், அமோனியம் இழுக்குற டிரான்ஸ்போர்ட்டர்லாம் எகிறும். இதெல்லாம் பிளஸ்லயும் நடக்கும் மைனஸ்லயும் நடக்கும், பெரும்பகுதி பசிதான். இத அப்படியே கேமீட் ஜீன்னு தலைப்புப் போட்டு எழுதின தீசிஸ் எத்தனையோ இருக்கும்.

பிரிக்கிறதுக்கு முதல் கத்தி, பிளஸ் கேமீட்ட மைனஸ் கேமீட்டோட நேரடியா ஒப்பிடுறது. பசி ரெண்டுலயும் ஒண்ணு, அதனால அது கழிஞ்சுரும், மிச்சம் நிக்கிறது டைப் வித்தியாசம். பிளஸ்ல ஃபஸ்1, ஜிஎஸ்பி1, ஒட்டிக்கிற புரதமான எஸ்ஏஜி1, மைனஸ்ல மிட், ஜிஎஸ்எம்1, எஸ்ஏடி1, எம்டிடி1 இதெல்லாம் மேல வரணும், வரலன்னா சாம்பிள் மாறிப்போச்சான்னு பாருங்க. மிட்தான் இதுல தலைவர், 1997ல ஃபெர்ரிஸும் குட்இனஃபும் கண்டுபுடிச்சது, மைனஸ்ல மட்டும் இருக்குற ஜீன், அது கெட்டுப்போன மைனஸ் செல் பிளஸ் மாதிரி நடந்துக்கும். இதோட சொந்தக்காரப் பையன் வால்வாக்ஸ்ங்கற கூட்டுப் பாசில ஆண் பக்கம் இருக்கான், அங்க விந்தணு ஆகுறதா முட்டை ஆகுறதான்னு முடிவு பண்றதே அவன்தான். படிக்க ரொம்ப சுவாரசியமான கதை, நம்ம வேலைக்கு நேரடியா சம்பந்தமில்ல.

ஆனா இந்த ஒப்பீட்டுல ஒரு ஓட்டை இருக்கு. ரெண்டு கேமீட்லயும் பொதுவா ஆன் ஆகுற ஜீன் கழிஞ்சு போயிரும். அதப் புடிக்க மூணு வழி இருக்கு, முடிஞ்சா மூணையும் சேத்தே பண்ணுங்க. ஒண்ணு டைம் கோர்ஸ், பசிக்கு பதில் சொல்ற ஜீன் முதல் ஒண்ணு ரெண்டு மணிலயே எகிறும், மேட் ஆகுற திறன் வர பல மணி நேரம் ஆகும், அதனால 0, 1, 2, 4, 8, 16 மணின்னு எடுத்து ஒவ்வொரு மணிக்கும் மேட்டிங் சதவீதமும் எண்ணி வச்சா எந்த ஜீன் அதோட கூடவே ஏறுதுன்னு தெரியும். ரெண்டாவது இருட்டுப் பட்டினி, நைட்ரஜன் இல்ல ஆனா முழு கேமீட்டும் இல்ல, அப்புறம் வெளிச்சத்த போட்டு என்ன ஆன் ஆகுதுன்னு பாருங்க, இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு வந்ததாலயே மாறுற ஜீன கழிக்க நைட்ரஜனோட இருக்குற ஒரு இருட்டு ஃபிளாஸ்க்கும் வேணும். மூணாவது எனக்கு ரொம்பப் புடிச்சது, சல்ஃபர் பட்டினி. சல்ஃபர் இல்லன்னாலும் செல் வெளுக்கும், வளர்ச்சி நிக்கும், எண்ணெய் சேரும், ஆனா கேமீட் ஆகாது. ரெண்டு பட்டினிலயும் ஒரே மாதிரி மாறுற ஜீன பொதுவான ஸ்ட்ரெஸ்ஸுன்னு தூக்கி ஓரமா வைக்கலாம்.

சைகோட் பக்கம் வந்தா வேற சிக்கல். ரெண்டு கேமீட்டும் கலந்த உடனே ஃபிளாஜெல்லா ஒட்டும், செல்லுக்குள்ள சேதி கடத்துற சைக்ளிக் ஏஎம்பி ஏறும், சுவர் கரையும், இதெல்லாம் செல் இணையிறதுக்கு முன்னாடியே. அப்போ கலந்து அரை மணில ஒரு ஜீன் ஏறுனா அது ஒட்டினதால ஏறுச்சா இணைஞ்சதால ஏறுச்சா? ஃபஸ்1 கெட்டுப்போன இம்ப்1 பிளஸ் மியூட்டன்ட்ட சாதா மைனஸோட கலங்க, ஒட்டும், சுவர் கரையும், ஆனா இணையாது. அதுலயும் ஏறுனா ஒட்டினதோட விளைவு. மியூட்டன்ட் கைல இல்லன்னா ஒரே டைப் கேமீட்டுக்கு டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பியும், சைக்ளிக் ஏஎம்பி உடையாம தடுக்குற ஐபிஎம்எக்ஸும் குடுத்துப் பாக்கலாம், ஜோடி இல்லாமலே ஜோடி வந்த மாதிரி நடந்துக்கும்.

இணைஞ்சதுக்கு அப்புறம் நடக்குற நெசமான சைகோட் புரோகிராம ஆரம்பிக்கிறது பிளஸ்ல இருந்து வர்ற ஜிஎஸ்பி1, மைனஸ்ல இருந்து வர்ற ஜிஎஸ்எம்1, ரெண்டும் ஜோடி சேந்து நியூக்ளியஸுக்குள்ள போய்த்தான். ஜோடியா இருந்தாத்தான் வேலை, தனியா இருந்தா ஒண்ணும் ஆகாது. 2008ல குட்இனஃப் லேப் ரெண்டையும் வெஜிடேட்டிவ் செல்லுக்குள்ளயே சேத்து வச்சுப் பாத்தாங்க, மேட்டிங்கே நடக்காம சைகோட் புரோகிராம் ஆரம்பிச்சுருச்சு. நிலத்துச் செடிங்கள்ல பெல், நாக்ஸ்னு கூப்பிடுற அதே குடும்பம்தான் இது.

சைகோட் சாம்பிளோட பேஸ்லைன் எது? நிறைய பேர் பிளஸ் கேமீட்ட மட்டும் பேஸ்லைனா வச்சுருவாங்க, அப்போ மைனஸ் ஜீன் எல்லாம் சைகோட்ல புதுசா வந்த மாதிரி தெரியும். பிளஸ் ஆர்என்ஏவும் மைனஸ் ஆர்என்ஏவும் செல் எண்ணிக்க சமமா வர்ற மாதிரி கலந்து ஒரு 0 மணி சாம்பிள் செஞ்சுக்கோங்க. அப்புறம் மேட்டிங் 80 சதவீதம்னா மீதி 20 கேமீட்டாவே சுத்திட்டு இருக்கும், கேமீட் ஜீன் சைகோட்ல கொஞ்சம் மிச்சமிருக்குன்னு தெரியுறது அதோட ஆர்என்ஏவாவும் இருக்கலாம்.

ஆர்என்ஏ எடுக்குறது

வெஜிடேட்டிவும் கேமீட்டும் ட்ரைசால்ங்கற ஆர்என்ஏ எடுக்குற திரவத்துல சுலபமா உடையும், 2ல இருந்து 5 கோடி செல் ஒரு டியூபுக்கு தாராளம். பெல்லட் ஆன உடனே திரவ நைட்ரஜன்ல போட்டு மைனஸ் 80ல வைங்க. சுவர் கரைஞ்ச செல்ல வேகமா சுத்துனா உடைஞ்சு ஆர்என்ஏ தண்ணியோட போயிரும், மெதுவா சுத்துங்க. பட்டினி செல்லுல ஸ்டார்ச் நெறைய இருக்கும், வெள்ளையா பிசுபிசுன்னு கூடவே வரும், லித்தியம் குளோரைடு போட்டு ஒரு தடவ படிய வச்சா போயிரும்.

முத்தின சைகோஸ்போர் அப்படி இல்ல, சுவர் இரும்பு. கலந்த செல்ல அகார் பிளேட்ல விட்டு ஒரு நாள் வெளிச்சம், அப்புறம் அஞ்சு நாள் போல இருட்டு. இணையாத செல்ல மழுங்கின பிளேடால மேலாக சுரண்டி எடுத்துருங்க, சைகோட் அகார்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். குளோரோஃபார்ம் ஆவி காட்டி மத்தத கொல்றது ஜெனிடிக்ஸ் வேலைக்கு சரி, ஆர்என்ஏவுக்கு சரிவராது, ஏன்னா செத்த செல்லோட ஆர்என்ஏ அங்கயேதான் கெடக்கும். அப்புறம் மிச்சமுள்ளத எடுத்து கண்ணாடி மணியோட பீட் பீட்டர்ல அடிங்க, உடைஞ்சுதான்னு மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டு ட்ரைசால் ஊத்துங்க.

ஜெல்லுல ரெண்டு பேண்டுக்கு மேல இருந்தா பயப்படாதீங்க, குளோரோபிளாஸ்ட் ரைபோசோம் ஆர்என்ஏவும் கூட வரும், அதோட 23எஸ் இயல்பாவே துண்டு துண்டா இருக்கும். பயோ அனலைசர்ல பிளான்ட் மோடுல ஓட்டுங்க, இல்லன்னா ஆர்என்ஏ உடையாம இருக்கான்னு சொல்ற ஆர்ஐஎன் மார்க் அநியாயத்துக்கு கொறயும்.

இதுல பெருசா கவனிக்க வேண்டியது, பட்டினில செல் தன் ரைபோசோமயே தின்னும், ஒரு செல்லுக்கு எவ்ளோ ஆர்என்ஏங்கறதே கொறஞ்சுரும். நீங்க எல்லா சாம்பிள்லயும் 1 மைக்ரோகிராம்னு சமமா எடுத்தா, வெவ்வேற எண்ணிக்க செல்ல ஒப்பிடுறீங்க. செல் எண்ணிட்டு ட்ரைசால் போடுறப்பவே செல் எண்ணிக்கைக்குத் தக்க ஈஆர்சிசி ஸ்பைக்-இன், அதாவது அளவு தெரிஞ்ச செயற்கை ஆர்என்ஏ, விடுங்க. டிஈசெக்2 மாதிரி சாஃப்ட்வேர் பெரும்பாலான ஜீன் மாறலன்னு நம்பித்தான் நார்மலைஸ் பண்ணுது, இங்க அந்த நம்பிக்கையே ஆட்டம் காணுது.

க்யூபிசிஆர், அப்புறம் சீக்வென்சிங்

சீக்வென்சிங்குக்கு முன்னாடி நாலஞ்சு ஜீன் க்யூபிசிஆர் (ஒவ்வொரு ஜீனா அளவு பாக்குற பிசிஆர்) போட்டு சாம்பிள் சரியான்னு பாருங்க: பிளஸ்ஸுக்கு ஃபஸ்1, மைனஸுக்கு மிட், ஹேப்2, சைகோட்டுக்கு இஇசட்ஒய்1. கலந்து ஒரு மணிக்குள்ள இஇசட்ஒய்1 எழலன்னா மேட்டிங் சரியில்ல, அந்த செட்ட விட்டுருங்க. ரெஃபரன்ஸ் ஜீனா எல்லாரும் போடுறது ராக்1, பழைய பேர் சிபிஎல்பி. அது ரைபோசோமோட ஒட்டி இருக்குற புரதம், ரைபோசோமே கரையுற பட்டினில அத மட்டும் நம்புறது எனக்கு ஒப்பல, கூட ரெண்டு வேற ஜீன் வச்சு எது அசையாம நிக்குதுன்னு உங்க சாம்பிள்லயே சோதிங்க. ஜீனோம்ல ஜிசி 64 சதவீதம், அதனால பிரைமர் கஷ்டம் குடுக்கும், டிஎம்எஸ்ஓ இல்ல பீட்டைன் கொஞ்சம் போட்டா வழிக்கு வரும். டிஎன்ஏஸ் போட்டு, ஆர்டி என்சைம் (ஆர்என்ஏவ டிஎன்ஏவா மாத்துறது) இல்லாத கண்ட்ரோலும் ஓட்டுங்க.

லைப்ரரி பாலி-ஏ தேர்வுல, அதாவது பாலி-ஏ வால் உள்ள ஆர்என்ஏவ மட்டும் எடுக்குற முறைல, போனா நியூக்ளியஸ் ஜீன் மட்டும்தான் ஒழுங்கா வரும். சைகோட்ல மைனஸ் பக்க குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏ இணைஞ்ச ஒண்ணு ஒண்ணரை மணிக்குள்ள அழிஞ்சுரும், அந்த மாதிரி குளோரோபிளாஸ்ட் கதைல ஆர்வம்னா ரைபோசோம் ஆர்என்ஏ நீக்குற லைப்ரரி போடுங்க. தனித்தனி நாள்ல வளத்த மூணு கல்ச்சராவது வேணும், ஒரே ஃபிளாஸ்க்க மூணா பிரிச்சா அது ரெப்ளிகேட் ஆகாது.

ரீட்ட ஜீனோம்ல பொருத்தி அலைன் பண்றப்ப ஒரு பொறி. ஜீனோம் ஃபைல் எந்த மேட்டிங் டைப்போடதுன்னு பாருங்க. அஞ்சாவது வெர்ஷன் சிசி-503ல இருந்து வந்தது, அது பிளஸ், அதுல மிட் இருக்கவே இருக்காது, மைனஸ் சாம்பிள்ல மிட் ரீட் குவிஞ்சு கெடந்தாலும் போய் ஒட்ட எடமில்லாம பூஜ்யம்னு காட்டும். ஆறாவது வெர்ஷன் சிசி-4532, அது மைனஸ். எத எடுத்தாலும் ஆறாவது குரோமோசோம்ல இருக்குற மேட்டிங் லோகஸ் ரெண்டு டைப்புக்கும் ரெஃபரன்ஸ்ல இருக்கான்னு உறுதி பண்ணிட்டு, இல்லன்னா சேத்துட்டு ஓட்டுங்க. ஸ்டார்ங்கற அலைன் பண்ற சாஃப்ட்வேர்ல இன்ட்ரான் அதிகபட்ச நீளத்த 5000 போல கொறச்சு வைங்க, டீஃபால்ட் அளவு பாலூட்டிங்களுக்கானது.

அப்புறம் பிசிஏ, அதாவது எந்த சாம்பிள் எதோட ஒத்துப்போகுதுன்னு படமா காட்டுற கணக்கு, போட்டுப் பாருங்க. முதல் அச்சு அனேகமா நைட்ரஜன் இருக்கா இல்லையான்னுதான் பிரிக்கும், மேட்டிங் டைப்பும் சைகோட்டும் அடுத்தடுத்த அச்சுல வரும், அதனால முதல் படத்த மட்டும் பாத்துட்டு பிளஸ்ஸும் மைனஸும் ஒண்ணாத்தான் இருக்குன்னு முடிவு கட்டிராதீங்க. டிஈசெக்2 மாடல்ல நைட்ரஜன், மேட்டிங் டைப், ரெண்டும் சேந்த இன்டராக்ஷன் மூணையும் போடுங்க, நம்ம தேடுறது பெரும்பாலும் அந்த இன்டராக்ஷன்லதான் இருக்கும்.

டேட்டாவ ஜிஈஓங்கற பொது டேட்டாபேஸ்ல ஏத்துறப்ப ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஸ்ட்ரெயின் நம்பர், மில்லிக்கு எத்தன செல், வெளிச்சம் தொடர்ச்சியா சைக்கிளா, எடுத்த மணி, நைட்ரஜன் எடுத்து எத்தன மணி ஆச்சு, மேட்டிங் சதவீதம் இத்தனையும் போடுங்க, வெறும் கேமீட் ரெப்1னு போட்டு விட்ட டேட்டாவ வச்சுக்கிட்டு அடுத்தவங்க ஒண்ணும் பண்ண முடியாது.